தொட்டதெல்லாம் வரவு!

ராத்திரி பதினோரு மணிக்கு இரண்டு மாதக் குழந்தை ஒன்று வீல் வீலென்று அழ ஆரம்பித்தால் போதும். காவிரி பாயும் ஊர்களில் வீட்டுக்கு எத்தனை வைத்தியர்கள் இருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

“புள்ளைக்கு உரம் விழுந்திருக்கும்டி, காலையில எடுத்துடலாம்” என்பார் பாட்டி. “தொக்கம் எடுத்தா சரியாப் போயிடும்” என்பார் பக்கத்து வீட்டு அத்தை. “கண்ணு பட்டிருக்கு, சுத்திப் போடு” என்று அடுப்படியிலிருந்து மூன்றாவது குரல். விடிந்ததும் பழைய புடவையில் குழந்தையைப் போட்டு இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு மெல்ல உருட்டி உரம் எடுப்பார்கள். சாயங்காலம் மக்ரிப் தொழுகை முடியும் நேரத்துக்கு அந்த அம்மா பள்ளிவாசல் வாசலில் குழந்தையோடு நிற்பார். நெற்றியில் குங்குமம் இருக்கும். தொழுதுவிட்டு வருகிறவர் ஓதி, குழந்தையின் முகத்தில் ஊதிவிட்டுப் போவார். அவர் சாதி கேட்பதில்லை, மதம் கேட்பதில்லை, காசும் கேட்பதில்லை. இதையெல்லாம் கிண்டல் செய்ய இந்தக் கட்டுரையை எழுதவில்லை. அழுகிற குழந்தையையும் அதைவிட அதிகமாக அழுகிற அம்மாவையும் ஊரே தாங்கிக்கொள்கிற ஏற்பாடு இது.

இந்த வரிசையில் கொஞ்ச வருடங்களாகப் புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ பட்டுக்கோட்டையிலோ நாலு தெரு நடந்தீர்களானால் அவருடைய போர்டு கண்ணில் படும். ஊசி இல்லை, மருந்து இல்லை, பக்க விளைவு இல்லை. தொடு சிகிச்சை என்கிறார்கள். ஊசியில்லா அக்குபங்சர் என்கிறார்கள். நாடி பார்ப்பார். கையிலோ காலிலோ ஒரு புள்ளியில் விரலை வைத்து எடுப்பார். அவ்வளவுதான் சிகிச்சை. சளி, காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, படுக்கையில் மூத்திரம் போவது, வலிப்பு என்று எதைச் சொன்னாலும் ஒரே விரல்.

“குழந்தைக்கு இது போதுமா சார்?” என்று கேட்டால், “ஜப்பான்லயே குழந்தைங்களுக்கு ஊசி இல்லாமத்தான் சார் பண்றாங்க” என்று பதில் வரும். அது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. மீதி உண்மையை நான் சொல்லிவிடுகிறேன்.

*

ஜப்பானில் அதன் பெயர் ஷோனிஷின். ஷோனி என்றால் குழந்தை, ஷின் என்றால் ஊசி. பெயரில்தான் ஊசி. குழந்தையின் தோலுக்குள் எதுவும் போகாது. சின்ன உருளை, சீப்பு மாதிரி ஒன்று, முனை மழுங்கிய உலோகக் குச்சி, குட்டிச் சுத்தியல் ஆகியவற்றை வைத்துக் குழந்தையின் கை, கால், முதுகு, வயிறு என்று லேசாகத் தடவுவார்கள், தட்டுவார்கள். சில நிமிடம்தான். குழந்தை எவ்வளவு சின்னதோ, சிகிச்சையும் அவ்வளவு குறைவு. ஒசாகா பக்கத்தில் இருநூறு வருடங்களுக்கும் மேலாக இருக்கிற பழக்கம். இன்றைக்கு ஜெர்மனி வரை போயிருக்கிறது.

எதற்காகச் செய்கிறார்கள்? ‘கான் நோ முஷி’ என்று ஒன்று. முஷி என்றால் பூச்சி. குழந்தை ராத்திரியில் காரணமில்லாமல் அழுதால், சிடுசிடுவென்று இருந்தால், சரியாகத் தூங்காமல் சாப்பிடாமல் இருந்தால், ‘உள்ளே பூச்சி புகுந்து ஆட்டுகிறது’ என்று பழைய ஜப்பான் பாட்டிகள் சொன்னார்கள். நம் பாட்டிகள் மாந்தம் என்றார்கள், கணை என்றார்கள். பூச்சிக்கு அங்கே ஒரு பெயர், இங்கே ஒரு பெயர். அழுகை ஒன்றுதான்.

இதுவரைக்கும் ஜப்பானும் தஞ்சாவூரும் ஒன்று. இனிமேல்தான் வித்தியாசம்.

ஜப்பானில் அக்குபங்சர் செய்ய லைசென்ஸ் வேண்டும். 1947-ல் போட்ட சட்டம். குறைந்தது மூன்று வருடம் படித்து, தேசிய அளவில் பரீட்சை எழுதித் தேற வேண்டும். குழந்தையை உருளையால் தடவுகிறவரும் இந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறார். அந்த நாட்டில் தடுப்பூசி இருக்கிறது, வீதிக்கு வீதி குழந்தை டாக்டர் இருக்கிறார். ஆயிரம் குழந்தை பிறந்தால் ஒரு வயது முடிவதற்குள் இறப்பது சுமார் இரண்டு. உலகத்திலேயே மிகக் குறைந்த எண்ணிக்கைகளில் ஒன்று. அந்தச் சாதனையை உருளை செய்யவில்லை. சுத்தமான தண்ணீரும் தடுப்பூசியும் ஆஸ்பத்திரியும் செய்தன. அவை செய்து முடித்த வேலைக்கு மேலே உட்கார்ந்துகொண்டு உருளை நிம்மதியாகத் தடவுகிறது.

நம் ஊர் போர்டு ஜப்பானிலிருந்து உருளையை மட்டும் இறக்குமதி செய்கிறது. மூன்று வருடப் படிப்பை வழியிலேயே இறக்கி வைத்துவிட்டது.

நம் நாட்டிலும் இதற்குச் சட்டம் தெரியாமல் இல்லை. சீனாவுக்கு டாக்டர் கோட்னிஸோடு 1938-ல் போன மருத்துவக் குழுவில் இருந்த டாக்டர் பிஜோய் குமார் பாசு, 1959 வாக்கில் கல்கத்தாவில் அக்குபங்சரை ஆரம்பித்து வைத்தார். மேற்கு வங்காளம் 1996-லேயே இதற்குத் தனிச் சட்டம் போட்டது. மத்திய அரசு 2003-ல் இதை ஒரு சிகிச்சை முறை என்று ஏற்றபோதே, பதிவு பெற்ற மருத்துவர்களும் தகுந்த பயிற்சி பெற்றவர்களும் செய்யலாம் என்றுதான் சொன்னது. 2019 பிப்ரவரியில் தனி மருத்துவ முறையாகவே அங்கீகரித்தது. ஆகவே அக்குபங்சர் செய்வதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. ‘தகுந்த பயிற்சி’ என்கிற இரண்டு வார்த்தை எங்கே போயிற்று என்றுதான் கேட்கிறேன். பல வருடம் படித்தவரும் இருக்கிறார். நாலு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய்வந்தவரும் இருக்கிறார். இரண்டு பேர் போர்டும் ஒரே அளவு.

*

நான் பி.காம். படித்தவன். அந்தப் படிப்பில் மறக்காமல் இருப்பது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு வரவுக்கும் ஒரு பற்று உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் எழுதுகிற கணக்கைக் கணக்கு என்று சொல்லக் கூடாது.

தொடு சிகிச்சைக்காரரின் கணக்கைப் பாருங்கள்.

குழந்தை ராத்திரியில் அழுகிறது. பச்சைக் குழந்தைகளின் இந்த அழுகை ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். நீங்கள் எப்போது வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள்? உச்சத்தில்தான் ஓடுவீர்கள். உச்சத்துக்கு அப்புறம் என்ன வரும்? இறக்கம்தான் வரும். விரல் வைத்தாலும் இறங்கும், வேப்பிலை அடித்தாலும் இறங்கும், சும்மா இருந்தாலும் இறங்கும். ஆனால் பெயர் விரலுக்குப் போகும். வரவு.

குழந்தைக்குச் சளி. ஏழு முதல் பத்து நாளில் போய்விடும். நாலாம் நாள் தொட்டார், ஒன்பதாம் நாள் போய்விட்டது. வரவு.

ஏழு வயதுப் பையன் படுக்கையில் மூத்திரம் போகிறான். இப்படிப்பட்ட பிள்ளைகளில் வருடத்துக்கு நூற்றுக்குச் சுமார் பதினைந்து பேர் எந்த வைத்தியமும் இல்லாமலே நின்றுவிடுகிறார்கள். அந்தப் பதினைந்தில் உங்கள் பையனும் இருந்தால் அதுவும் வரவு.

சரி, குணமாகாத பிள்ளை? அதை அந்த அம்மாவும் அப்பாவும் ஒரு கட்டத்தில் பயந்துபோய், பைக்கில் போட்டுக்கொண்டு தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரிக்கோ மெடிக்கல் காலேஜுக்கோ கொண்டுபோகிறார்கள். அங்கே பிழைத்தால் நல்லது. பிழைக்காவிட்டால் மரணம் யார் புத்தகத்தில் ஏறுகிறது? அரசு ஆஸ்பத்திரி புத்தகத்தில். “ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க, கொன்னுட்டாங்க.” ஊரும் அப்படித்தான் பேசும். தொட்டவர் வீட்டில் நோட்டே கிடையாது. அவருக்கு அந்தக் குழந்தை வந்ததே ஞாபகம் இருக்காது.

வரவு எல்லாம் தொட்டவருக்கு, பற்று எல்லாம் தர்ம ஆஸ்பத்திரிக்கு. இப்படி ஒரு கணக்கைக் கூட்டுறவு சொசைட்டியில் எழுதினால் ஆடிட்டர் என்ன செய்வார் என்று உங்களுக்கே தெரியும்.

*

‘தொட்டால் என்ன சார் கெட்டுப் போகும், விரல்தானே’ என்பீர்கள். உண்மைதான். விரலால் எதுவும் கெடாது. கெடுவது நேரத்தால்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை டெல்டாவில் மழை. தேங்கின தண்ணீர், கொசு, அப்புறம் டெங்கு. இந்தக் காய்ச்சலைப் பற்றி ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் மற்றதையெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

டெங்குவில் காய்ச்சல் அடிக்கும்போது இருப்பதைவிட, காய்ச்சல் இறங்கும்போது ஆபத்து அதிகம். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் சூடு இறங்கும். பெரும்பாலான குழந்தைகள் அப்படியே தேறிவிடும். ஆனால் சில குழந்தைகளுக்கு அந்த நேரத்தில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கும். அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம். வயிறு வலிக்கும், வாந்தி நிற்காது, பல் ஈறில் ரத்தம் வரலாம், கை கால் சில்லிட்டுப் போகும், மூத்திரம் குறையும், குழந்தை துவண்டு படுக்கும். அந்த நேரத்தில் அளவு பார்த்து டிரிப்ஸ் ஏற்றத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் குழந்தை பிழைத்துவிடும்.

இப்போது தொடு சிகிச்சைக்காரர் வீட்டுக்கு வாருங்கள். மூன்றாம் நாள் தொட்டார். நாலாம் நாள் உடம்பு சில்லென்று ஆகிவிட்டது. “பாத்தீங்களா, சூடு எறங்கிடுச்சு. உடம்பு கழிவை வெளியேத்திடுச்சு. அசந்து தூங்கட்டும், எழுப்பாதீங்க.”

அவர் கெட்டவர் இல்லை. அவருடைய பாடத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. காய்ச்சல் என்பது உடம்பு தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்வது, சூடு இறங்கினால் சுத்தம் முடிந்தது. சாதாரணக் காய்ச்சல் பத்துக் குழந்தைகளுக்கு இந்தப் பாடம் ஒத்து வரும். பதினோராவது குழந்தைக்கு இந்தப் பாடம்தான் எமன். அந்தப் பதினோராவது குழந்தை யாருடையது என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது.

*

ஊசி இல்லாமல் வைத்தியம் செய்வதையே நான் எதிர்க்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். தொடுவதையும் எதிர்க்கவில்லை. தொட்டுவிட்டுக் கணக்கு எழுதியவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள்.

1986-ல் அமெரிக்காவின் மயாமியில் டிஃபனி ஃபீல்ட் என்பவரும் அவர் குழுவினரும், குறை மாதத்தில் பிறந்த குழந்தைகளை ஒரு நாளைக்கு மூன்று முறை, முறைக்குப் பதினைந்து நிமிடம், பத்து நாள் நீவிவிட்டார்கள். நீவாத குழந்தைகளையும் கூடவே எடை போட்டார்கள். நீவிய குழந்தைகளுக்கு எடை ஏறியது மற்றவற்றைவிட 47 சதவீதம் அதிகம்.

இந்தியா உட்பட ஐந்து நாடுகளில், ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகளை வைத்து உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு பாதிக் குழந்தைகளைப் பிறந்த உடனேயே தாயின் வெறும் மார்போடு அணைத்து வைத்தார்கள். மற்ற பாதியை வழக்கம்போல நிலைமை சீரான பிறகு அணைக்கக் கொடுத்தார்கள். முதல் 28 நாளில் இறந்தது இந்தப் பக்கம் நூற்றுக்கு 12, அந்தப் பக்கம் 15.7. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். முடிவு வெளியான வருடம் 2021. இதில் ஊசி உண்டா? இல்லை. மருந்து உண்டா? இல்லை. அம்மாவின் நெஞ்சுச் சூடும், பக்கத்தில் ஒரு நோட்டும் இருந்தன.

இன்னொரு கதை நம் நாட்டிலேயே நடந்தது. 1971-ல் வங்கதேசப் போர். எல்லையில் பன்கான் அகதி முகாமில் காலரா. டாக்டர் திலீப் மகலனாபிஸ் கையில் இருந்த சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. ஊசி போடத் தண்ணீர் இல்லை. குளுக்கோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு மூன்றையும் அளந்து தண்ணீரில் கரைத்து வாய்வழியாகக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. அவரும் சாவை எண்ணினார். எண்ணியதை எழுதினார். அதை வெளியிட்டார். முதலில் நம்பாத உலகம் பிறகு நம்பியது. ஓஆர்எஸ் பாக்கெட்டாக அது உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தில் இன்றைக்கும் இருக்கிறது.

டெல்டாக்காரர்களுக்கு இதில் பெருமைப்பட இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. குளுக்கோஸுக்குப் பதில் அரிசி மாவைக் காய்ச்சி உப்புக் கலந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று வங்கதேசத்தில் சோதித்தார்கள். காலராவில் வயிற்றுப்போக்கின் அளவு அதில் இன்னும் குறைந்தது. கஞ்சி! நம் பாட்டி கொடுத்த உப்புக் கஞ்சி! ஜப்பான் உருளைக்கு முன்னால் ஊசியில்லா வைத்தியம் என்று போர்டு போட வேண்டியது அதற்குத்தான். அதற்கு யாரும் போர்டு போடவில்லை. கஞ்சிக்கு கன்சல்டேஷன் ஃபீஸ் கேட்க முடியாதே.

இந்த மூன்றிலும் பொதுவாக இருப்பது என்ன? நல்லதையும் கெட்டதையும் ஒரே புத்தகத்தில் எழுதினார்கள்.

இது வெள்ளைக்காரப் பழக்கம், நமக்குச் சரிவராது என்று சொல்கிறவர்கள் தஞ்சாவூர் அரண்மனைப் பக்கம் ஒரு நடை போய்வரலாம். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் என்று ஒன்று வைத்திருந்தார். சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில வைத்தியம் எல்லாம் அங்கே ஒரே கூரைக்குக் கீழே. கண் நோயாளி ஒருவர் வந்தால் அவருக்கு என்ன கோளாறு, என்ன செய்தார்கள், என்ன ஆயிற்று என்று எழுதி, அந்தக் கண்ணை வண்ணத்தில் படமாகவும் வரைந்து வைத்தார்கள். அந்த ஏடுகள் சரஸ்வதி மகால் நூலகத்தின் சொத்து. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்குமான வைத்தியமே சரபேந்திர வைத்திய முறைகள் வரிசையில் தனிப் புத்தகமாக வந்திருக்கிறது.

இருநூறு வருடத்துக்கு முன்னால் ஒரு ராஜா, நோயாளிக்குக் கேஸ் ஷீட் வைத்த ஊர் இது. அதே ஊரில் இன்றைக்கு ஒருவர் உங்கள் குழந்தையைத் தொட்டுவிட்டு, வந்த தேதியைக்கூட எழுதாமல் அனுப்புகிறார். இதற்குப் பாரம்பரியம் என்று பெயர் வைத்தால் சரபோஜி கோபித்துக்கொள்வார்.

*

டாக்டர்கள் இந்த இடம் வரை படித்துவிட்டு ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம். ஜனங்களைத் தொடு சிகிச்சைக்காரரிடம் தள்ளிவிட்டது யார்?

இந்தியாவில் ஆரம்ப நிலை டாக்டர் ஒரு நோயாளிக்குக் கொடுக்கும் நேரம் சராசரியாக இரண்டே கால் நிமிடம் என்று 2017-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. வைரஸ் சளிக்கு ஆன்டிபயாடிக் எழுதுகிறார்கள். காய்ச்சல் என்று போனால் இடுப்பில் ஓர் ஊசி. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடு முழுக்க நடத்திய ஓர் ஆய்வின்படி, இந்தியாவில் வருடத்துக்குச் சுமார் 300 கோடி ஊசி போட்டார்கள். அதில் பாதிக்கு மேல் பாதுகாப்பில்லாதவை. “ஊசி போட்டாத்தான் டாக்டர்” என்று கேட்டு வாங்கிக்கொண்டதில் நமக்கும் பங்கு உண்டு. இப்போது “ஊசி போடாதவர்தான் டாக்டர்” என்று எதிர்ப் பக்கம் ஓடுகிறோம்.

மருந்துக் கம்பெனிகளின் லட்சணமும் தெரிந்ததுதான். 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பக்கத்தில் இருமல் மருந்து குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் 48.6 சதவீதம் டை எத்திலீன் கிளைக்கால் என்கிற விஷம் இருந்ததைத் தமிழ்நாட்டு அரசின் சோதனையே கண்டுபிடித்தது. இதைப் படித்த ஓர் அம்மாவுக்கு ‘மருந்து இல்லை’ என்கிற போர்டு கோயில் கோபுரம் மாதிரி தெரிந்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். அந்த விஷம் எப்படிப் பிடிபட்டது? பாட்டிலில் பேட்ச் நம்பர் இருந்தது. கடையில் பில் இருந்தது. ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட் இருந்தது. இறந்த குழந்தைகளை எண்ண முடிந்தது. எண்ண முடிந்ததால் பாட்டில் வரைக்கும், பாட்டிலிலிருந்து தொழிற்சாலை வரைக்கும் போக முடிந்தது. எழுதி வைத்த துறையில் அயோக்கியத்தனம் நடந்தால் என்றைக்காவது மாட்டும். எதையுமே எழுதாத துறையில் நல்லவர் தப்பு செய்தால்கூட அவருக்கே தெரியாது. விரலுக்கு ஏது பேட்ச் நம்பர்?

*

‘ஊசி இல்லை’ என்பது சிகிச்சை முறையாக இருக்கும்வரை சரி. அது கொள்கையாக மாறும்போதுதான் பயமாக இருக்கிறது. இன்றைக்குக் காய்ச்சலுக்கு ஊசி வேண்டாம். நாளைக்குத் தடுப்பூசி வேண்டாம். அப்புறம் ஆஸ்பத்திரியே வேண்டாம்.

இது என் கற்பனை இல்லை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் ஆரம்பித்தபோது வாட்ஸ்அப்பில் என்னென்ன வதந்தி வந்தது என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். படித்த பெற்றோர்களே பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதி அனுப்பினார்கள், என் குழந்தைக்குப் போடாதே என்று. 2018 ஜூலையில் திருப்பூரில் வீட்டிலேயே, யூடியூப் பார்த்துப் பிரசவம் பார்த்ததில் ஓர் இளம் தாய் இறந்தார். அடுத்த மாதமே கோவையில் வீட்டுப் பிரசவத்துக்கு இலவசப் பயிற்சி என்று விளம்பரம் செய்த ஒரு ஹீலர் கைதானார். அவர் பெயரைச் சொல்லி நானும் ஒரு விளம்பரம் கொடுக்க வேண்டாம். தொடு சிகிச்சை செய்கிற எல்லாரும் இப்படி இல்லை. ஆனால் ‘உடம்பே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்’ என்கிற ஒரே பாதைதான் அங்கேயும் கொண்டுபோய் விடுகிறது. எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்று அந்த பஸ்ஸில் கண்டக்டர் சொல்வதில்லை.

*

சரி, என்ன செய்யலாம்?

உங்கள் குழந்தை ராத்திரியில் அழுகிறது, மற்றபடி பால் குடிக்கிறது, எடை ஏறுகிறது என்றால் உரம் எடுங்கள், ஓதி ஊதுங்கள், எண்ணெய் தடவி நீவிவிடுங்கள், தொடு சிகிச்சைக்கும் போங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. போகிற இடத்தில் மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்.

ஒன்று: எங்கே, எத்தனை வருடம் படித்தீர்கள்?

இரண்டு: எந்த நோய்க்கு நீங்கள் சிகிச்சை செய்ய மாட்டீர்கள்? ‘எல்லாத்துக்கும் செய்வேன்’ என்று பதில் வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுங்கள்.

மூன்று: போன மாதம் எத்தனை குழந்தை வந்தது, எத்தனை குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீர்கள், நோட்டைக் காட்ட முடியுமா? முகம் மாறினால் நீங்களும் வைத்தியரை மாற்றுங்கள்.

அவரிடம் நோட்டு இல்லாவிட்டால் நீங்கள் ஒன்று போடுங்கள். இருபது ரூபாய் நோட்டு போதும். காய்ச்சல் எந்தத் தேதி ஆரம்பித்தது, தெர்மாமீட்டரில் எவ்வளவு, எத்தனை தடவை மூத்திரம் போனது, என்ன சாப்பிட்டது, யார் என்ன செய்தார்கள். டாக்டரிடம் போனாலும் இந்த நோட்டோடு போங்கள். இரண்டே கால் நிமிடத்தில் அவருக்கும் அது உதவும்.

குழந்தை எதையும் குடிக்க மறுத்தால், குடித்ததை எல்லாம் வாந்தியெடுத்தால், வலிப்பு வந்தால், எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தால், மூச்சு வாங்கினால், எந்தப் புள்ளியையும் தேட வேண்டாம். 108-ஐ மட்டும் தொடுங்கள். இரண்டு மாதத்துக்கும் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மற்ற அறிகுறிக்குக் காத்திருக்கவே வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

அரசாங்கம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. அக்குபங்சரை அங்கீகரித்தால் மட்டும் போதாது. யார் செய்யலாம், எத்தனை வருடம் படிக்க வேண்டும், குழந்தைகளை எந்த அறிகுறியோடு வந்தால் தொடவே கூடாது, என்ன பதிவேடு வைக்க வேண்டும் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். அதை ஊர் ஊராகப் போய்ப் பார்க்க வேண்டும். நல்ல முறையில் செய்கிற அக்குபங்சர்காரர்கள்தான் இதை முதலில் கேட்க வேண்டும். போலிகளால் நஷ்டம் அவர்களுக்கும்தான்.

டெல்டா விவசாயிக்குக் கணக்கு தெரியாதா என்ன? களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்பார்கள். அது நம்பிக்கை. ஆனால் அடுத்த மரக்கால் இரண்டு, அதற்கடுத்தது மூன்று என்று எண்ணத்தான் செய்வார்கள். எல்லா மரக்காலையும் லாபம் லாபம் என்றே அளந்து கொட்டினால் களத்தில் இருப்பவர் சும்மா விடுவாரா? அதே நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போனால், ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று மெஷின் வைத்துப் பார்க்கிறார்கள். கையை விட்டு அள்ளிப் பார்த்து, “காஞ்சிருக்குங்க, எழுதிக்கங்க” என்று சொன்னால் எடுத்துக்கொள்வதில்லை.

நெல்லுக்கு மெஷின் வைக்கிறோம், குழந்தைக்கு விரல் போதும் என்கிறோம். இதை எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார் என்று நீங்களே சொல்லுங்கள்.